மங்கல் பக்கம் கீழே

பிப்ரவரி 12, திங்கள்

ஹெப்சிபா மேடம் ஒரு வேலைப் பதிவேடு கொடுத்திருக்கிறார். தினமும் மாலை ஐந்தரைக்கு அன்று செய்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "கருத்து எழுதாதீங்க கோவர்த்தன், எண் மட்டும் எழுதுங்க" என்றார். சரி. எண்கள் அதில். கருத்து இதில்.

இடம் ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கு. வெளியே ‘கடலோடிகள் ஆவணக் காப்பகம்’ என்று பலகை. உள்ளே மேடம், ஒரு ஸ்கேனர், ஒழுகும் ஏ.சி., நான். ஒப்பந்தம் மார்ச் 31 வரை. கிண்டியில் நான்கு வருடம் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் (நில அளவை, வான்படம்) படித்தவனை நெகட்டிவ் ஸ்கேன் செய்யக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேறு வேலை இல்லாததால் வந்தேன்.

முந்தைய வேலை ஏன் போனது என்று மேடம் கேட்டார். ஓசூர் பக்கம் சாலை அளவெடுப்பில் இருபது சென்டிமீட்டர் பிழை வந்தது, கம்பம் பிடிக்கும் ஆள் தணிகாசலம் கம்பத்தின் உயரத்தைத் தவறாகச் சொல்லிவிட்டார், அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள், எனக்கும் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்றேன்.

பிப்ரவரி 14, புதன்

பெட்டி எண் 17. ஒன்பது நெகட்டிவ்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரியது. 1942 ஏப்ரலில் வங்கக் கடலில் எஸ்.எஸ். மார்ல்டன் என்ற சரக்குக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அதில் ஒரு விமானத்திலிருந்து எடுத்த படங்கள் இவை. எத்தனை கப்பலை முடித்தோம் என்று மேலிடத்துக்குக் காட்ட எடுத்திருப்பார்கள். எண்பது வருடம் யார் யார் கையிலோ சுற்றி, ஒரு சேகரிப்பாளர் இறந்தபின் இங்கே வந்திருக்கிறது.

படம் பிரமாதம். தாழப் பறந்திருக்கிறான். பெரிதாக்கினால் ஒரு ஆள் ஒரு ரவைப் பருக்கை அளவுக்குத் தெரிகிறான். கேமராக்காரன் யாரோ, வேலை தெரிந்தவன்.

பிப்ரவரி 15, வியாழன்

இந்தப் பெட்டிக்கு ஏன் அவசரம் என்று மேடம் இன்று சொன்னார்.

காப்பக வாசலில் ஒரு நினைவுக்கல் வைக்கப் போகிறார்கள். போரில் கப்பலோடு போன தமிழ்க் கப்பல் தொழிலாளர்கள் முப்பத்தொரு பேரின் பெயர்கள். ஏப்ரல் 5, கடல்சார் தினத்தன்று திறப்பு. மாமல்லபுரத்தில் கல் வெட்டுகிறார்கள். பெயர்ப் பட்டியல் மார்ச் 25க்குள் அங்கே போக வேண்டும்.

முப்பத்திரண்டாவதாக ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்லி ஒருவர் இரண்டு வருடமாக மனுப் போட்டுக்கொண்டிருக்கிறார். நாகூர்க்காரர். பெயர் ஜெக்கரியா. அவருடைய வாப்பாவின் வாப்பா நெய்னா முகம்மதுதான் மார்ல்டன் கப்பலின் சாரங்கு. அதாவது கப்பலில் தள வேலை செய்யும் ஆட்களுக்குத் தலைவர். அவர் பெயரை ஏன் சேர்க்கவில்லை? போர்க்காலத்தில் நடந்த விசாரணை அறிக்கை சொல்கிறது: ‘குண்டு விழும் முன்பே, கேப்டனின் உத்தரவு இல்லாமல், சாரங்கும் அவன் ஆட்களும் நான்காம் எண் படகை இறக்கிக்கொண்டு ஓடினார்கள்.’ சாட்சி, உயிர் தப்பிய முதல் அதிகாரி. அவர் கடைசிவரை நின்று, காயம்பட்டவர்களை மூன்றாம் எண் படகில் ஏற்றிக் காப்பாற்றினாராம். சாரங்கின் படகு கவிழ்ந்து அதில் போனவர்கள் செத்துப்போனார்களாம். அவர் ஆட்களின் பெயர்களை யாரும் குறித்துவைக்கவில்லை.

"படம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. நினைவுக்கல் குழு அதை ஏத்துக்கும்" என்றார் மேடம்.

மனிதர்கள் சொன்னதை மனிதர்கள் மறுத்து எண்பது வருடம் ஓட்டியிருக்கிறார்கள். படம் இருக்கும்போது எதற்கு இதெல்லாம்? ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஒன்பதும் ஸ்கேன் முடிந்தது. ஃபிலிமில் பளபளப்பான பக்கம் ஒன்று, மங்கலான பக்கம் ஒன்று. படம் மங்கல் பக்கத்தில் இருக்கும். எங்கள் ஸ்கேனர் மேலிருந்து பார்ப்பது, அதனால் மங்கல் பக்கம் கீழே வைத்தால்தான் இடம் வலம் சரியாக வரும். முதலாமாண்டுப் பாடம். தூங்கிக்கொண்டே செய்யலாம்.

ஏ.சி. தண்ணீருக்கு வாளி வைத்தேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

முடிந்தது. மூன்று நாள்கூட ஆகவில்லை.

கப்பலுக்குள் முகப்பைப் பார்த்து நின்றால் வலப்பக்கப் படகுகளுக்கு ஒற்றைப்படை எண், இடப்பக்கப் படகுகளுக்கு இரட்டைப்படை. ஒன்றும் இரண்டும் முன்னால். மூன்றும் நான்கும் பின்னால். உலகம் முழுக்க இதுதான் வழக்கம்.

படம் 1, 2: நான்கு படகும் இருக்கின்றன. கப்பல் ஓடுகிறது.
படம் 3: புகை இல்லை, குண்டு விழவில்லை. ஆனால் பின்பக்க இடப்புறப் படகு இல்லை. கப்பலுக்குப் பின்னால் தண்ணீரில் கிடக்கிறது. அதாவது நான்காம் எண்.
படம் 4: முதல் குண்டு.
படம் 5: பின்பக்கம் ஒரே வெள்ளை நுரை.
படம் 6, 7: கப்பல் நின்று சாய்கிறது, நடுவில் தீ.
படம் 8: பின்பக்க வலப்புறப் படகு இன்னும் தொங்குகிறது. அதைச் சுற்றிப் பதினொரு புள்ளிகள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நீளமாக ஏதோ ஒன்று. தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முதல் அதிகாரி நிஜமாகவே நின்றிருக்கிறார். சுற்றிலும் தீ. மனிதன்தான்.
படம் 9: கப்பலின் பின்முனை மட்டும்.

அறிக்கை இரண்டு வரி. ‘படம் 3 விசாரணையின் முடிவை உறுதிசெய்கிறது. குண்டு விழும் முன்பே நான்காம் எண் படகு இறக்கப்பட்டுவிட்டது.’ மேடம் இரண்டு முறை படித்தார். "நிச்சயமா?" என்றார். படம் பொய் சொல்லாது என்றேன். எதிரி எடுத்தது. அவனுக்குச் சாரங்கும் தெரியாது, முதல் அதிகாரியும் தெரியாது. யாருக்காகப் பொய் சொல்வான்?

பிப்ரவரி 27, செவ்வாய்

மேடம் ஜெக்கரியாவுக்குக் கடிதம் அனுப்பிவிட்டார், என் இரண்டு வரியை இணைத்து. மதியம் மெஸ்ஸில் சுரைக்காய்க் கூட்டு. மறுபடியும்.

மார்ச் 4, திங்கள்

ஜெக்கரியா வந்தார்.

கூட்டமாக வந்து கத்துவார் என்று நினைத்தேன். தனியாகத்தான் வந்தார். நாற்பது வயது இருக்கும். வடசென்னைத் துறைமுகத்தில் இழுவைப் படகில் இவரும் சாரங்குதான். பெரிய கப்பல் கரை சேரும்போது முட்டித் தள்ளி, கயிறு கட்டி இழுத்து நிறுத்தும் வேலை. கை இரண்டும் கயிறு மாதிரியே இருக்கிறது.

"நீங்கதானா தம்பி அந்த ரெண்டு வரி எழுதுனது?"

"ஆமா பாய்."

"ரெண்டு வருஷமா மனு எழுதுறேன். ஒவ்வொண்ணும் நாலு பக்கம். நீங்க ரெண்டே வரியில முடிச்சிட்டீங்க."

"படத்துல இருக்கிறதைத்தான் எழுத முடியும்."

"சரிதான்." நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்க வாப்பாவுக்கு அப்ப ரெண்டு வயசு. கப்பல் போன ஆறாம் மாசம் பண்டாரி ஒருத்தர் ஊருக்கு வந்தாஹ. அந்தக் கப்பல்ல சோறு ஆக்குனவரு. பலகையப் புடிச்சு மிதந்து தப்பிச்சவரு. ‘சாரங்கு கடைசி வரைக்கும் கயித்த விடலை’ன்னு சொல்லிட்டுப் போனாஹ. எங்ககிட்ட இருக்கிறது அந்த ஒத்த வார்த்தைதான்."

விசாரணையில் பண்டாரி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மேடம் கோப்பைத் திறந்து காட்டினார். ‘சமையற்காரனின் வாக்குமூலம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமையால் பதிவுசெய்யப்படவில்லை.’

ஜெக்கரியா சிரித்தார். "எங்க படகுல மாசம் ஒரு தடவை டிரில் நடக்கும். உயிர் காக்குற படகை எறக்கிக் காட்டணும். எஞ்சின் டிரைவர் மாசிலாமணி எப்பவும் சொல்வான்: ‘எல்லாரும் தள்ளி நில்லுங்கப்பா, ஜெக்கரியா படகோட போயிடுவான், அவங்க குடும்ப வழக்கம்’னு. நானும் சிரிப்பேன். பதினெட்டு வருஷமா சிரிக்கிறேன். எல்லாம் என் வாய்தான். வேலைக்குச் சேந்த புதுசுல நானே பெருமையா அந்தக் கதையச் சொல்லி, விசாரணையில அப்படி எழுதிட்டான்னும் சொல்லித் தொலைச்சேன்."

"பேர் கல்லுல வந்தா மாசிலாமணி நிறுத்திடுவாரா?"

மேடம் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. கேட்டது நியாயமான கேள்விதான்.

"நிறுத்த மாட்டான்" என்றார் ஜெக்கரியா. "ஆனா நான் பொய்யாச் சிரிக்க வேண்டியதில்ல."

போகும்போது, படங்களை நேரில் பார்க்கலாமா என்று கேட்டார். பத்து நாள் கழித்து வரச் சொன்னேன். அதற்குள் அடுத்த பெட்டியை முடித்துவிடலாம்.

மார்ச் 7, வியாழன்

பெட்டி 18 முடிந்தது. பெட்டி 19இல் பூஞ்சை.

தணிகாசலம் ஞாபகம் வந்தது. காரணம் தெரியவில்லை. லாரிச் சத்தத்தில் அவர் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் விஷயம்.

மார்ச் 14, வியாழன்

ஜெக்கரியா வேலை முடிந்து நேராக வந்தார். நோன்பு பிடித்திருக்கிறார். எனக்குத் தெரியாது, டீயை அவர் முன்னாலேயே குடித்துக்கொண்டிருந்தேன். மறைக்கப் பார்த்தேன். "குடிங்க தம்பி, எனக்கா வலிக்குது?" என்றார்.

ஒன்பது படங்களையும் பெரிய திரையில் வரிசையாகக் காட்டினேன். ஒவ்வொன்றையும் வெகுநேரம் பார்த்தார். படம் 3 வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். இல்லை. அடுத்து என்றார். படம் 5இல் நிறுத்தச் சொன்னார்.

"இங்க எஞ்சினை ரிவர்ஸ் போட்டிருக்காங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"நுரையப் பாருங்க. பின்னால போகாம முன்னால ஏறி வருது. கேப்டன் கப்பலை நிறுத்தப் பாக்குறாரு. ஓடுற கப்பல்லேருந்து படகை எறக்குனா பெரும்பாலும் கவுந்துரும். நின்னாத்தான் பத்திரமா எறக்க முடியும்." பிறகு தலையைச் சாய்த்தார். "ஆனா இது என்ன தம்பி, நுரை இடப்பக்கமா ஏறுது?"

"ஏன், ஏறக்கூடாதா?"

"ஒத்தை ப்ரொப்பல்லர் கப்பல் ரிவர்ஸ் எடுத்தா நுரை வலப்பக்கம்தான் ஏறும். பின்பக்கம் இடப்பக்கமாத் தள்ளும். அந்தத் தள்ளலுக்குத் தக்கனதான் நாங்க முட்டிக்கிட்டு நிப்போம். தப்பான பக்கம் நின்னா நசுங்கிருவோம்."

காற்றாக இருக்கும் என்றேன்.

"காத்து நுரையத் தூக்கிக் கப்பல் மேல ஏத்துமா? நான் ஆயிரம் கப்பல் தள்ளியிருக்கேன். அதுல ரெண்டோ மூணோ இடக்கை ப்ரொப்பல்லர். எதிர்ப்பக்கமாச் சுத்தும். அதுக்குத்தான் இடப்பக்கம் ஏறும்."

"அப்போ இதுவும் அப்படி ஒண்ணா இருக்கலாம்."

"இருக்கலாம்" என்று ஒத்துக்கொண்டார். "இன்ஜினியர் நீங்கதானே."

படம் 8ஐக் காட்டினேன். தொங்கும் படகையும் பதினொரு புள்ளிகளையும் பார்த்தார். "இவங்க யாரு?"

முதல் அதிகாரியும் ஆட்களும் என்றேன். தலையாட்டினார். "நல்ல மனுஷன்தான் போல. பாவம், நாந்தான் எண்பது வருஷத்துப் பழிய அவர் மேலயே போட்டுக்கிட்டிருந்தேன்."

நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும் நேரம் ஆகிறது என்று கிளம்பிவிட்டார்.

மார்ச் 15, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

காலையில் பெட்டி 17ஐத் திரும்பக் கட்டும்போது ஃபிலிமைக் கையில் எடுத்தேன். பழக்கத்தில் மங்கல் பக்கம் கீழே. ஓரத்தில் கவனித்தேன். இந்த ஃபிலிமின் ஓரத்துக்குள்ளே இன்னொரு ஃபிலிமின் ஓரம் படமாக விழுந்திருக்கிறது. கிழிசல், தூசி, விரல் ரேகை எல்லாம் சேர்ந்து.

இது அசல் நெகட்டிவ் இல்லை. நகல். அசலின் மங்கல் பக்கத்தோடு புது ஃபிலிமின் மங்கல் பக்கத்தை ஒட்டிவைத்து வெளிச்சம் காட்டி எடுத்தது. அப்படி எடுத்தால் இடமும் வலமும் மாறிவிடும். நகலை மங்கல் பக்கம் மேலே வைத்துத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். இதுவும் முதலாமாண்டுப் பாடம். அடுத்த பக்கத்தில் இருக்கும் பாடம்.

ஒன்பதையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

சரியாகத் திருப்பினால், படம் 5இல் நுரை வலப்பக்கம். படம் 3இல் காணாமல் போன படகு பின்பக்க வலப்புறம். மூன்றாம் எண். முதல் அதிகாரியின் படகு. படம் 8இல், தீக்கு நடுவில், கப்பல் சாய்ந்தபின்னும் தொங்கிக்கொண்டிருப்பது நான்காம் எண்.

பதினொரு புள்ளிகள். அவற்றைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை.

மார்ச் 16, சனி

நகலுக்கு நகல் எடுத்திருந்தால்? இரண்டு முறை மாறினால் பழையபடி ஆகிவிடும். அப்போது என் முதல் அறிக்கைதான் சரி. ஓரத்தை நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒரே ஒரு ஓரம்தான் தெரிகிறது. ஆனால் அசல் என்று நான் நினைப்பதே வேறொன்றின் நகலாக இருந்து, ஓரம் வெட்டப்பட்டிருந்தால் தெரியாது.

கப்பலின் கட்டுமான வரைபடம் வேண்டும். ப்ரொப்பல்லர் எந்தக் கை என்று அதில் இருக்கும். கப்பலில் ஒரு பக்கம் மட்டும் இருக்கிற ஏதாவது ஒரு பொருள் கிடைத்தாலும் போதும். இடம் வலம் முடிவாகிவிடும்.

மார்ச் 18, திங்கள்

மேடத்திடம் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

மார்ல்டனைக் கட்டிய தளம் மூடி ஐம்பது வருடமாம். அதன் வரைபடங்கள் ஸ்காட்லாந்தில் ஒரு காப்பகத்தில். மின்னஞ்சல் அனுப்பினார். பதில் வரப் பத்து வேலை நாள் ஆகலாம் என்று தானியங்கிக் கடிதம் வந்தது. இன்றைக்கு 18. பட்டியல் போக வேண்டியது 25.

"ஜெக்கரியாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"வரைபடம் வரட்டும் மேடம். உறுதியானதும் சொல்றேன்."

"தப்பா எழுதியிருக்கலாம்னு இன்னைக்குச் சொல்றதுக்கு வரைபடம் எதுக்கு?"

"பாதித் தகவல் சொல்லக் கூடாது. அது முறையில்ல."

"ரெண்டு வரி எழுதுறப்ப முழுத் தகவல் இருந்துச்சா?"

எனக்குக் கோபம் வந்தது. வெளியே போய் வாளித் தண்ணீரைக் கொட்டினேன். ஒரு நிமிட வேலை. கால் மணி நேரம் ஆனது.

மார்ச் 19, செவ்வாய்

போன் செய்யவில்லை.

மார்ச் 20, புதன்

போன் செய்யவில்லை. பெட்டி 19இன் பூஞ்சையைத் துடைத்தேன். ஏற்கெனவே ஸ்கேன் செய்த பெட்டி 20, 21 எல்லாவற்றின் ஓரத்தையும் பார்த்தேன். ஆறு நகல்கள். அவற்றையும் தப்பாகத்தான் செய்திருக்கிறேன்.

தணிகாசலம் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு மீட்டர் என்று. கருவியில் முந்தைய நாள் கம்ப உயரமாகப் போட்ட ஒன்று புள்ளி எட்டு அப்படியே இருந்தது. நான் மாற்றவில்லையோ என்னவோ.

மார்ச் 21, வியாழன்

மாலை துறைமுக வாசலுக்குப் போனேன். போனில் சொல்ல வரவில்லை.

நோன்பு திறக்கும் நேரம். வாசலுக்கு எதிரே கடையோரம் ஜெக்கரியாவும் நான்கைந்து பேரும் கஞ்சிக் கிண்ணங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த மாசிலாமணியும் இருந்தார். நோன்பு இல்லாவிட்டாலும் கஞ்சி உண்டு போல.

நின்றபடியே சொன்னேன். "படத்தைத் தலைகீழா இல்ல, பக்கம் மாத்தி ஸ்கேன் பண்ணிட்டேன். நீங்க சொன்ன நுரைதான் சரியா இருக்கும்னு நினைக்கிறேன். நினைக்கிறேன்தான். நிரூபணம் இன்னும் வரலை. வராமலும் போகலாம். தப்பு என்னோடது."

ஜெக்கரியா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அப்ப அந்தப் பதினோரு பேரு?"

"நிரூபணம் வந்தா, நான்காம் எண் படகுக்காரங்க."

மாசிலாமணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்ஜினியரு, சோத்துக் கை பீச்சாங்கை தெரியாமலா இம்மாம் நாள் சாப்ட்டுனு இருந்த?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெக்கரியாவும். பிறகு ஒரு கிண்ணத்தை நிரப்பி என் பக்கம் நகர்த்தினார். "உக்காந்து குடிங்க தம்பி. நின்னுக்கிட்டுக் குடிச்சா மூக்குல ஏறும்."

கஞ்சி நன்றாக இருந்தது. இரண்டு கிண்ணம் குடித்தேன்.

மார்ச் 23, சனி

மாமல்லபுரம். பேருந்தில் நின்றுகொண்டே.

கல் வெட்டும் ஸ்தபதி பெயர் ஏகாம்பரம். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெயர்கள் அகர வரிசை. நடுவில் ஒரு பெயருக்கு இடம் விட முடியுமா என்றேன்.

"நடுவுல விட்டா பல்லு விழுந்த மாதிரி இருக்கும் சார். கடைசியில சேத்துக்கலாமே?"

"கடைசின்னா பிறகு யோசிச்சுச் சேத்த மாதிரி இருக்கும். நாகரத்தினத்துக்கும் பக்கிரிசாமிக்கும் நடுவுல விடுங்க."

"பேரு வரலேன்னா?"

உளியைத் துடைத்துக்கொண்டே அவரே பதிலும் சொன்னார்: "வரலேன்னா சின்னதா ஒரு நங்கூரம் செதுக்கி மூடிடறேன். யாருக்கும் தெரியாது. ஆனா ஏப்ரல் ஒண்ணுக்குள்ள சொல்லணும்."

எழுதித் தரச் சொன்னார். மேடம் ஏற்கெனவே காப்பகத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் தேதியும் அளவும் நான் நிரப்பினேன். அளவை இரண்டு முறை சரிபார்த்தேன்.

மார்ச் 26, செவ்வாய்

ஒன்றும் வரவில்லை. ஸ்காட்லாந்தில் இப்போது மணி என்ன என்று மட்டும் தெரிகிறது.

மார்ச் 27, புதன்

மதியம் மூன்றே காலுக்கு வந்தது. நான்கு தாள்கள்.

முதல் தாளில் ப்ரொப்பல்லர். ஒற்றை. ‘வலக்கை.’ ஜெக்கரியா சொன்னபடி ரிவர்ஸில் நுரை வலப்பக்கம் ஏறும் வகை.

இதோடு நிறுத்தவில்லை. போரில் மாற்றியிருக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். நானே சொல்வேன். இரண்டாம் தாள் மேல்தளம். பின்பக்கம் தொழிலாளர் சமையலறை, அதாவது பண்டாரி சோறு ஆக்கிய இடம். அதன் புகைக்குழாய் நடுவில் இல்லை, வலப்பக்கச் சுவரோரம். ஒன்றே ஒன்று. என் ஸ்கேனில் படம் 1ஐத் திறந்தேன். புகைக்குழாய் இடப்பக்கம். படம் 2, இடப்பக்கம். ஒன்பதிலும் தேடினேன். தெரிகிற ஏழு படங்களிலும் இடப்பக்கம். ஆரம்பத்திலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது. மெல்லிய கோடாகப் புகைகூட வருகிறது. யாருக்கோ உலை வைத்திருக்கிறார்கள்.

ஏழையும் திருப்பினேன். ஏழும் வலப்பக்கம்.

மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். "எழுதுங்க" என்றார். "இந்தத் தடவை ரெண்டு வரி வேண்டாம்."

மார்ச் 28, வியாழன்

அறிக்கை பதினாறு பக்கம். முதல் பக்கத்தில் என் பிழை, எப்படி நடந்தது என்று. மேடம் அதைப் பின்னிணைப்பில் போடலாமே என்றார். வேண்டாம் என்றேன்.

பதினொரு புள்ளிகளில் சாரங்கு எது என்று சொல்ல முடியாது என்றும் எழுதியிருக்கிறேன். அவர் அங்கே இருந்தார் என்றுகூடப் படம் சொல்லாது. ஓடிய படகு நான்காம் எண் அல்ல என்று மட்டும் சொல்லும். அவர் மேல் இருந்த குற்றம் அது ஒன்றுதான். கயிற்றை விடவில்லை என்று பண்டாரி சொன்னார். இரண்டும் ஒன்றோடொன்று முட்டவில்லை. அறிக்கையில் அப்படியே எழுதினேன், ‘பண்டாரியின் வாய்மொழிச் சாட்சியம், முதன்முறையாக இங்கே பதிவாகிறது’ என்று.

குழு மாலையே ஏற்றுக்கொண்டது. ஜெக்கரியாவுக்குப் போன் செய்தேன். சொன்னேன். எதிர்ப்பக்கம் எஞ்சின் சத்தம் பலமாக இருந்தது. "கப்பல் ஒண்ணு உள்ள வருது தம்பி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.

ஏகாம்பரத்துக்கும் சொன்னேன். "நங்கூரம் வேணாம். சரி" என்றார்.

மார்ச் 30, சனி

ஒப்பந்தத்தின் கடைசி வேலை நாள். மேசையைத் துடைத்தேன். மேடம் வந்து நின்றார். "ஏப்ரல் ஒண்ணாம் தேதி வர்றீங்கதானே? இன்னும் நானூறு நெகட்டிவ் இருக்கு."

"தப்புப் பண்ணினவனையா?"

"தப்பை முதல் பக்கத்துல போட்டவனை. ஏ.சி.க்கும் ஆள் வரச் சொல்லியிருக்கேன்."

ஏ.சி. ஆள் வரமாட்டார். தெரியும்.

ஏப்ரல் 5, வெள்ளி

பதினொரு மணிக்குத் திறப்பு. ஜும்ஆ தொழுகைக்குப் போக வேண்டியவர்கள் இருந்ததால் பேச்சாளர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம். இதற்காகவே எல்லா விழாவையும் வெள்ளிக்கிழமை வைக்கலாம்.

கல் நன்றாக வந்திருக்கிறது. முப்பத்திரண்டு பெயர். இடைவெளி ஒரே மாதிரி. நெய்னா முகம்மது, சாரங்கு, எஸ்.எஸ். மார்ல்டன். நாகரத்தினத்துக்கும் பக்கிரிசாமிக்கும் நடுவில். இடம் விட்டுப் பிறகு வெட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது.

இழுவைப் படகிலிருந்து ஐந்து பேர் சீருடையோடு வந்திருந்தார்கள். ஜெக்கரியா கல்லில் கை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் எதிரே நின்று படித்தார், அவ்வளவுதான். வெயில் நன்றாகவே இருந்தது. மாசிலாமணி பக்கத்தில் போய் நின்று பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு திரும்பி மற்றவர்களிடம், "இனிமே டிரில்ல கயித்த இவன் கையில குடுக்காதீங்கப்பா. அவங்க பரம்பரையே விடாது. நம்ம யாரும் வீட்டுக்குப் போவ முடியாது" என்றார்.

ஜெக்கரியா சிரித்தார். முன்பு இரண்டு தடவை அவர் சிரித்துப் பார்த்திருக்கிறேன். இது வேறு மாதிரி இருந்தது. எப்படி என்று அளக்க எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "வலப்பக்கமா பாத்துப் போங்க தம்பி" என்றார். இதை இனி எத்தனை வருடம் கேட்க வேண்டுமோ.

எல்லோரும் போனபின் கிடங்குப் படியில் உட்கார்ந்து போனை எடுத்தேன். தணிகாசலத்தின் எண் இன்னும் இருந்தது. மூன்றாவது மணியில் எடுத்தார்.

"சார், நல்லா இருக்கீங்களா? எங்க வேலையில இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன். அண்ணே, அன்னைக்கு நீங்க ரெண்டு மீட்டர்னுதான் சொன்னீங்க. கருவியில நான்தான் மாத்தலை. கம்பெனிக்கு இன்னைக்கே எழுதுறேன். உங்களுக்கு முதல்ல சொல்லணும்னு நெனச்சேன்."

போனில் லாரிச் சத்தம் கேட்டது. அவர் இன்னும் ஏதோ சாலையோரத்தில்தான் இருக்கிறார்.

"ரெண்டு தடவை சொன்னேன் சார்" என்றார்.